வந்த கருவியும் சொந்தக் குரலும்

இசைக்கருவிக்குத் தாய்மொழி உண்டா? நாகசுரம் தமிழ் பேசும், சாக்சபோன் ஆங்கிலம் பேசும் என்று பொதுவாக எண்ணுகிறோம். இந்த எண்ணத்தோடுதான் நானும் பல ஆண்டுகள் பள்ளியில் தலைமை வகித்து வந்தேன். அந்த எண்ணத்தால் ஒரு மாணவனுக்குத் தீர்ப்பும் வழங்கினேன். அத்தீர்ப்பு சரியா என்பதை இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு ஈண்டு ஆராய விரும்புகிறேன். ஒன்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசைத்தட்டு. மற்றொன்று நம் கருநாடக இசையும் ஜாஸும் ஒருங்கே அமர்ந்த இசைத்தட்டு.

சொல் வருவதும் கருவி வருவதும்

தமிழாசிரியர்க்கு இவ்வினா புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வெளியிலிருந்து வரும் சொல்லை அவர் வாயிலிலேயே தடுத்து நிறுத்தவில்லை. வருகின்ற சொல் தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தை ஏற்க வேண்டும் என்பதே அவர் விதித்த முறை. பின்வந்த இலக்கண ஆசிரியர் இதனை மேலும் விளக்கித் தற்சமம், தற்பவம் எனப் பிரித்தனர். இருமொழிக்கும் பொதுவான ஒலிகளாலேயே ஆன 'கமலம்' மாற்றமின்றி வந்தது, அது தற்சமம். 'பங்கஜம்' தன் அயல் ஒலியை இழந்து 'பங்கயம்' ஆயிற்று, அது தற்பவம். இரண்டும் குடியேறிய சொற்களே. அயலெழுத்தை விடாமல் நிற்கும் சொல்லோ விருந்தினராகவே நின்றுவிடுகிறது.

கருவிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும் என்பது என் துணிபு. நம் இசையின் எழுத்து சுரம் மட்டுமன்று. சுரங்களுக்கிடையே அசைந்து செல்லும் கமகமும் நம் எழுத்தே. அசையாத சுரங்கள் இரு இசைக்கும் ஏறத்தாழப் பொது; அவற்றை எக்கருவியும் ஊதும். கமகத்தைப் பேசக் கற்ற கருவியே தற்பவம் ஆகும்.

வயலினை நோக்குக. ஐரோப்பியரோடு வந்த அக்கருவியைப் பாலுசாமி தீட்சிதர் (1786-1858) கற்றுக் கருநாடக இசைக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனைத் திருவிதாங்கூர் அரசவையில் ஒலிக்கச் செய்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையை எண்ணிப் பார்க்க இயலுமா? கிளாரினெட்டும் அவ்வாறே வந்தது, திருச்சி ஏ.கே.சி. நடராசன் அவர்கள் கையில் அது முழுக் கச்சேரிக் கருவியாயிற்று. நாகசுரமே கூட மாறாமல் இருக்கவில்லை. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898-1956) குட்டையான திமிரியை விடுத்து, நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியாரைக் கொண்டு நீண்ட பாரி நாகசுரத்தைச் செய்வித்தார். சுருதி தாழ்ந்தது; தோடி ஆழம் பெற்றது. பழைமையின் அடையாளமாக நாம் போற்றும் ஒலியே சென்ற நூற்றாண்டின் மாற்றம் அன்றோ?

கோழிக் கொட்டகையில் பிறந்த இசை

முதல் இசைத்தட்டுக்கு வருவோம். சுங்கைப் பட்டாணியில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியார் ஒருவர் பழைய இசைத்தட்டுகளைப் பேணி வைத்திருக்கிறார். அவர் வீட்டில்தான் 'பேக் அட் தி சிக்கன் ஷேக்' என்னும் தட்டினைக் கேட்டேன். 'மீண்டும் கோழிக் கொட்டகையில்' என்பது அதன் பொருள். உறையில் ஒரு கொட்டகை முன்னே ஆர்கன் கலைஞர் சிம்மி ஸ்மித் ஒரு நாயுடன் அமர்ந்திருக்கிறார். தோட்டத்து வீட்டுக் கொல்லையில் வளர்ந்த எனக்கு அந்தப் படமே நெருக்கமாக இருந்தது.

1960 ஏப்ரல் 25இல் நியூ செர்சி மாநிலத்தில் ரூடி வான் கெல்டர் என்பாரின் ஒலிக்கூடத்தில் பதிவாகி, 1963இல் புளூ நோட் நிறுவனத்தால் வெளியிடப்பெற்றது இது. ஆர்கன் சிம்மி ஸ்மித். டெனர் சாக்சபோன் ஸ்டான்லி டரண்டைன். கிட்டார் கென்னி பர்ரல். மேளம் டொனால்டு பெய்லி. தட்டில் உள்ளவை நான்கே உருப்படிகள்.

இதில் ஒலிக்கும் இரு கருவிகளும் அம்மக்களுக்கு அயலானவை என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். சாக்சபோனைப் படைத்தவர் பெல்சியம் நாட்டு அடோல்ப் சாக்ஸ். 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சுப் படையின் வாத்தியக் குழுவே அதற்கு முதலில் இடமளித்தது. 1935இல் விற்பனைக்கு வந்த ஆமண்ட் ஆர்கனோ, பெருங்குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற தேவாலயங்களை நோக்கிச் சென்ற மின்கருவி. அதனுள் துருத்தியும் இல்லை, குழாயும் இல்லை. பல் வைத்த சக்கரங்கள் காந்தங்களின் அருகே சுழல, அதனால் எழும் மின்னலையே ஒலியாகிறது. போர்ப்படையின் கருவியும் தேவாலயத்தின் கருவியும் சேர்ந்து, அடிமைகளாகக் கொண்டு வரப்பெற்றோரின் வழிவந்தவர்கள் கையில் எவ்வாறு சொந்தக் குரல் ஆயின? விமரிசகன் விடை காண வேண்டிய இடம் இதுவே.

தலைப்பு உருப்படியைக் கேளுங்கள். இது 'புளூஸ்' எனும் வகையைச் சேர்ந்தது. பன்னிரண்டு அளவுகள் கொண்ட ஒரு சுற்று, நம் தாளத்தின் ஆவர்த்தனம் போல, மீண்டும் மீண்டும் வருகிறது. சுற்று மாறுவதில்லை, அதன் மேல் கலைஞன் சொல்வது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பாஸ் கிட்டாரோ பெரும் பாஸ் வயலினோ இக்குழுவில் இல்லை. ஸ்மித் தம் இடக்கையாலும் காற்கட்டைகளாலும் அடித்தளத்தை நடத்திக்கொண்டே வலக்கையால் பேசுகிறார். அந்த நடை அவசரப்படுவதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதனின் நடை அது.

அதன் மேல் டரண்டைனின் டெனர் எழுகிறது. டெனரின் ஒலியெல்லை ஆண்மகனின் குரலுக்கு அண்மையது. டரண்டைன் அதனை அகன்ற, வெதுவெதுப்பான குரலாக ஆக்குகிறார். சொற்றொடரின் இறுதியில் ஒலியை நடுங்கவிடுகிறார். சுரத்தை உதட்டால் வளைத்துக் கீழிருந்து மேலேற்றுகிறார். புளூஸ் இசையின் உயிர்ச் சுரங்கள் கட்டைகளுக்கு நடுவே உள்ளவை. மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் ஆங்கே சற்றே தாழ்ந்து, இரண்டிற்கும் இடையே நிற்கும். நம் செவிக்கு இது கமகத்தின் உடன்பிறப்பு.

ஆர்கனோ வளையாது. ஒரு கட்டைக்கு ஒரு சுரமே. இக்குறையை ஸ்மித் அடுத்தடுத்த கட்டைகளை நழுவவிட்டும், ஒலியைச் சுழலவிட்டும் கடக்க முயல்கிறார். முழுதும் வென்றுவிட்டார் என்று சொல்லமாட்டேன். நீண்ட உருப்படியான 'மெசி பெசி'யில் அவர் விரல்கள் விரையும்போது திறமை தெரிகிறது. ஆனால் அதே இடத்தில் டரண்டைன் ஒரே சுரத்தை வளைத்து நிறுத்தும்போதுதான் நெஞ்சு நெகிழ்கிறது. தட்டின் வெற்றி இந்தப் பங்கீட்டில்தான் உள்ளது. வளையாத கருவி நிலமாக நிற்கிறது. வளையும் கருவி அதன் மேல் மனிதனாக நடக்கிறது.

நம் ஆர்கன்

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கும் ஓர் ஆர்கன் உண்டு; ஆர்மோனியம் என்று அதற்குப் பெயர். துருத்தியால் இயங்கும் இந்த ஐரோப்பியக் கருவி தமிழ் நாடக மேடையை ஆண்டது. நம் தோட்டத்துக் கோயில்களின் பசனைகளிலும் அதுவே அரசு செலுத்தியது. இதனை அயற்கருவி என்று எந்தக் கோயில் நிருவாகமும் தள்ளியதாக நான் அறியேன். ஆனால் இசையறிஞர் தள்ளினர். கமகம் பேசாத கருவி என்ற காரணத்தால் அனைத்திந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. 1971இல்தான் அவ்விலக்கு ஓரளவு தளர்ந்தது.

அக்காரணம் பொய்யன்று, ஆயினும் முடிவு கடுமையானது. நிலமாக நிற்கும் பணிக்கு வளைவு வேண்டியதில்லை. ஒத்தும் சுருதிப்பெட்டியும் ஒரே சுரத்தில் நின்று செய்வது அப்பணியைத்தானே? சுருதிப்பெட்டி ஆர்மோனியத்தின் உடன்பிறப்பே. எப்பணிக்கு எக்கருவி என்று பிரித்து நோக்காமல் கருவியையே விலக்குவது, ஒரு சொல்லைப் பொருளறியாமல் அகராதியிலிருந்து நீக்குவதை ஒக்கும்.

கத்ரி வீட்டுப் பிள்ளை

சாக்சபோனைத் தற்பவமாக்கிய பெருமை கத்ரி கோபால்நாத் (1949-2019) அவர்களைச் சாரும். தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையார் தனியப்பா நாகசுரக் கலைஞர். சிறுவனாக மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பின்னர்ச் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவர்களிடமும் பயின்றார். கருவியிலும் நம் இசைக்கேற்பச் சில மாற்றங்கள் செய்துகொண்டார். 1994இல் இலண்டன் பி.பி.சி. புரோமனேட் இசைவிழாவில் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் வாசித்தது டெனர் அன்று; அதனினும் மேலான சுருதியுடைய ஆல்டோ. கட்டை வைத்த கருவியில் அவர் கமகத்தை எவ்வாறு எழுப்பினார்? விரல் தருவது ஏணிப்படிகள். உதடும் மூச்சும் அப்படிகளைக் கரைத்துச் சரிவாக்கின. நாகசுரக்காரர் சீவாளியில் செய்வதையே அவர் ஒற்றை நாணல் பட்டையில் செய்தார். நாகசுர வீட்டில் பிறந்த செவி அவருக்கு முதலில் வந்தது. சாக்சபோன் பின்னர் வந்தது. இந்த வரிசைமுறையை ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் மக்களில் பெரும்பாலோர் இவரைக் கேட்டது 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தில். கே. பாலசந்தர் இயக்க, ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த அப்படத்தில் நடிகர் பிரபு சாக்சபோன் கலைஞராக நடித்தார். ஒலித்த மூச்சு கத்ரியினுடையது. அதற்கு முன்னர்த் திரையில் சாக்சபோன் பெரும்பாலும் நகரத்து இரவையும் கேளிக்கை விடுதியையும் காட்டும் குறியாக நின்றது. அயலெழுத்தை விடாத விருந்தினர் நிலை அது. 'டூயட்' அதனைத் தலைவனின் துயரத்தைச் சொல்லும் குரலாக்கியது. அன்று நம் கெடா தோட்டங்களில் ஒலிநாடாவில் அதனைக் கேட்டவர்கள், இது எந்நாட்டுக் கருவி என்று வினவவில்லை.

இரு சுற்றத்தார்

இரண்டாம் இசைத்தட்டு 2008இல் வெளிவந்த 'கின்ஸ்மென்', 'சுற்றத்தார்' எனலாம். அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரியும் இதில் இணைகின்றனர். மகந்தப்பா இசைக்கல்லூரி மாணவராக இருந்த நாளில், அவருடைய தமையனார் கேலியாகக் கத்ரியின் இசைத்தட்டு ஒன்றைப் பரிசளித்தாராம். கேலியாக வந்தது வியப்பாயிற்று. வியப்பு பல்லாண்டு கழித்து இத்தட்டாயிற்று. கன்யாகுமரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், ரெஸ் அப்பாசியின் கிட்டார், கார்லோ டிரோசாவின் பாஸ், ராயல் ஆர்டிகனின் மேளம் ஆகியன உடன் ஒலிக்கின்றன.

இரு ஆல்டோ சாக்சபோன்களும் ஒரே கருவி. ஆயினும் முதல் மூச்சிலேயே வேறுபாடு தெரிகிறது. மகந்தப்பாவின் ஒலி கூர்மையானது, கோணங்களில் திரும்புவது. கத்ரியின் ஒலி வளைவுகளில் செல்வது. கருவிக்குத் தாய்மொழி இல்லை, கலைஞனுக்கே உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? ஒரே பேனாவால் இருவர் தத்தம் மொழியில் எழுதுகின்றனர்.

மகந்தப்பா செய்த நல்ல செயல், இராகத்தை ஐரோப்பியச் சுர அடுக்குகளால் மூடாமல் விட்டது. கலப்பிசை என்ற பெயரில் வரும் பல தட்டுகளில் இராகம் வீட்டு முற்றத்துக் கோலம் போலக் காட்சிக்கு மட்டும் நிற்கும். இதில் அது வீட்டின் அடித்தளமாகவே நிற்கிறது. தனியாக ஒருவர் இசைக்கும் ஆலாபனை போன்ற சிறு பகுதிகள் கேட்போர்க்கு மூச்சுவிட இடந்தருகின்றன.

குறையும் உண்டு. இருவரும் விரைந்து ஒருவரை ஒருவர் துரத்தும் இடங்களில் சுரங்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. கமகத்திற்கு இடம் சுருங்குகிறது. அங்கே கத்ரி தம் மொழியை விட்டுப் பொதுமொழியில் பேசுவதாகத் தோன்றுகிறது. முன்னர்ச் சொன்ன கோழிக் கொட்டகைத் தட்டில் ஒருவர் நிலமாக நிற்க மற்றவர் நடந்தார். இங்கே சில பொழுதுகளில் இருவருமே ஓடுகின்றனர், நிற்பதற்கு யாருமில்லை. உறவினர் இருவர் நெடுநாளைக்குப் பின் சந்தித்தால் ஒரே நேரத்தில் பேசுவது இயல்புதான். ஆனாலும் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கும் இடங்களிலேயே இத்தட்டு உயர்கிறது.

ஒரு தடை

இவ்வளவு சொன்ன பிறகு எழும் தடையை மறைத்தல் கூடாது. சாக்சபோனை வரவேற்றால் நாகசுரம் என்னாகும்? இத்தடை வெறும் பழைமைப்பற்று அன்று. நம் மாநிலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துக் கோயில்களின் திருவிழாக்களில் நாகசுரம் ஊத நம்மிடையே பயின்றவர் மிகச் சிலர். பெருங்கோயில்கள் தமிழகத்திலிருந்து கலைஞர்களை வரவழைக்கின்றன. திருமணங்களில் ஒலிப்பேழையே தாலிகட்டு மேளம் முழக்குகிறது. இந்நிலையில் மணமேடைக்கும் சாக்சபோன் வருமாயின் நாகசுரத்திற்கு எஞ்சியிருக்கும் வாசலும் அடைபடும்.

இதற்கும் சொல்லிலக்கணமே விடை தருகிறது. நம்மிடம் இல்லாத பொருளுக்கு வெளிச்சொல் வருவது வளம். நல்ல சொல் இருக்க அதனைத் தள்ளிவிட்டு வெளிச்சொல் அமர்வது வறுமை. மங்கலப் பொழுதிற்கும் சுவாமி புறப்பாட்டிற்கும் நமக்கு நாகசுரம் என்னும் நல்ல சொல் இருக்கிறது. அவ்விடத்தில் சாக்சபோன் வேண்டா. கச்சேரி மேடைக்கும் கலைவிழாவிற்கும் பள்ளி அரங்கிற்கும் அது வரட்டும். இடமறிந்து அழைத்தால் இரண்டும் வாழும். நாகசுரம் நலிவதற்குக் காரணம் சாக்சபோன் அன்று. அதனைக் கற்க ஒரு பிள்ளையையும் நாம் அனுப்பாமையே. என் பள்ளியிலிருந்து இதுவரை ஒருவனையும் நான் அனுப்பியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் தீர்ப்பு

தொடக்கத்தில் குறித்த மாணவன் கதைக்கு வருகிறேன். எம் தோட்டப் பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் அவன். அங்குள்ள பேண்டு வாத்தியக் குழுவில் சாக்சபோன் கற்றான். ஓராண்டு எங்கள் பொங்கல் விழாவில் வாசிக்க விரும்பி, இரவல் கருவியுடன் என் அறைக்கு வந்து, "வாசிக்கட்டுமா, ஐயா?" என்று கேட்டான். "தமிழர் விழாவில் இதற்கு இடமில்லை, தம்பி, புல்லாங்குழல் இருந்தால் கொண்டு வா" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு போனான்.

அதே விழாவில் எங்கள் மாணவர் பதினைவர் மேடையேறி ரெக்கார்டர் வாசித்தனர். இசைப் பாடத்தில் நாமெல்லாம் கற்பிக்கும் அந்த ஞெகிழிக் குழல் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். பழகிவிட்டமையால் அது என் கண்ணுக்கு அயலாகத் தெரியவில்லை. நான் அவனிடம் காட்டியது மொழிப்பற்று என்று எண்ணியிருந்தேன். அவன் என்ன வாசிக்கப் போகிறான் என்று ஒரு நிமிடமும் நான் கேட்டதில்லை என்பது, கிராணியார் வீட்டில் டரண்டைனின் டெனரைக் கேட்டுக்கொண்டிருந்த பொழுதுதான் எனக்கு உறைத்தது. கேளாமலே தீர்ப்புச் சொன்னவன் விமரிசகனும் ஆகான், ஆசிரியனும் ஆகான்.

எனவே என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை எந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதலில் அதனை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். வாசிக்கவிருக்கும் பாட்டை வாயால் பாடிக்காட்டச் சொல்லுங்கள். குரலில் வளைவும் அசைவும் இருந்தால், கருவியில் அவை வர வழி உண்டு. கத்ரி அதற்குச் சான்று. குரலில் இல்லையேல் முதலில் அதனைக் கற்பியுங்கள். நாகசுரமே கையிலிருந்தாலும் அப்பிள்ளைக்கு அந்தப் பாடம் வேண்டும். வருகிற பொங்கலுக்கு அந்தப் பழைய மாணவனை அழைத்திருக்கிறேன். இப்போது அவன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கருவி இன்னும் வைத்திருக்கிறானா என்று கேட்டேன். "கடன் வாங்கித்தான் வரணும், ஐயா" என்றான். வாடகைப் பணத்தைப் பள்ளி கொடுக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.